ஏரிக்கு ஒரு மரப்படகு: கடலூர் நாட்குறிப்பு

ஜனவரி 19, 2025

அளவு முடிவாகிவிட்டது. நீளம் 14 அடி, நடுவில் அகலம் 4 அடி, அடிப்பக்கம் தட்டை. தெருவில் எல்லோரும் "அடுத்த புயலுக்கா?" என்றுதான் கேட்கிறார்கள். கேட்கத்தானே செய்வார்கள், ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, தென்பெண்ணை ஊருக்குள் வந்துபோய் இன்னும் இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஆனால் இது வெள்ளத்துக்கான படகு இல்லை. பெருமாள் ஏரியிலோ வீராணத்திலோ காலையில் இறக்கி, கரையோரமாகவே நிதானமாகப் போய், வெயில் சாயும்போது திரும்பி வருவதற்கான படகு.

தட்டை அடி வேண்டும் என்பதற்குக் காரணம் நம் ஏரிகள்தான். பெருமாள் ஏரி பரவனாறு கொண்டுவந்த வண்டலால் மேடிட்டுக் கிடக்கிறது. வீராணம் 47.5 அடி நிரம்பியது என்று செய்தியில் படிக்கிறோமே, அது கடல் மட்டத்திலிருந்து எடுத்த கணக்கு, ஏரியின் ஆழம் இல்லை. இரண்டு ஏரியிலும் பல இடங்களில் ஓர் ஆள் எழுந்து நிற்கலாம். முழங்கால் தண்ணீரிலும் தரை தட்டாமல் போகிற படகுதான் இங்கே உதவும்.

பாண்டிச்சேரி நண்பர் ஊசுட்டேரியில் விடலாமே என்றார். அங்கே விட்டாலும் இன்ஜின் வேண்டாம் என்று உறுதியாக இருக்கிறேன். 2008-இல் புதுச்சேரி அரசு சரணாலயமாக அறிவித்த ஏரி அது. வலசை வரும் பறவைகளுக்கு நடுவில் சத்தம் போட்டுக்கொண்டு போய் எனக்கு என்ன ஆகப்போகிறது?

பிப்ரவரி 2

மரைன் பிளைவுட் வாங்க அலைந்ததில் ஒரு வாரம் போனது. தண்ணீரில் கிடக்கும் பலகைக்கான இந்தியத் தர முத்திரை, ஐ.எஸ். 710, இருக்க வேண்டும். அந்தத் தரத்துக்கு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தும் அடுக்கு பிரியக் கூடாது. சமையலறைக்கு ஏற்றது என்று விற்கும் பி.டபிள்யூ.ஆர். பலகைக்குச் சோதனையே 8 மணி நேரம்தான். இரண்டும் பார்க்க ஒரே மாதிரி இருக்கும்.

அதனால் மூன்று கடைகளிலும் துண்டு கேட்டு வாங்கி வந்து, கொல்லைப்புறத்தில் விறகடுப்பு மூட்டிப் பழைய அண்டாவில் போட்டுவிட்டேன். முத்திரை குத்திய ஒரு துண்டு மதியத்துக்குள் ஓரத்தில் வாய் பிளந்தது. நகத்தை விட்டு நெம்பினால் ஏடு ஏடாக வந்தது. மற்ற இரண்டும் மூன்றாம் நாள் வரை தாக்குப்பிடித்தன. அவற்றிலும் அறுத்த விளிம்பை டார்ச் அடித்துப் பார்த்து, உள்ளடுக்கில் ஓட்டை இல்லாததையே எடுத்தேன். படகின் அடிப்பக்கத்துக்கு 9 மி.மீ. கனம், பக்கங்களுக்கு 6 மி.மீ.

பிப்ரவரி 16

பலகை 8 அடி, படகு 14 அடி. இரண்டு பலகையைச் சரிவாகச் சீவி ஒட்ட வேண்டும். கனத்தைப் போல எட்டு மடங்கு நீளச் சரிவு, அதாவது 9 மி.மீ. பலகைக்கு 72 மி.மீ.

பலகைகளைப் படிக்கட்டு மாதிரி ஒன்றன்மேல் ஒன்று தள்ளி அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே சரிவாக இழைப்புளியால் சீவினேன். சீவச் சீவ உள்ளடுக்குகள் கருப்பும் வெளுப்புமாகப் பட்டை பட்டையாகத் தெரிகின்றன. பட்டைகள் நேர்கோடாக இருந்தால் சரிவு சரி. எங்கே ஒரு கோடு வளைகிறதோ அங்கே கை அதிகம் அழுத்தியிருக்கிறது. வேறு அளவுகோலே வேண்டாம். சாயங்காலம் முழுக்க அந்தக் கோடுகளைப் பார்த்துப் பார்த்துச் சீவினேன். இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான்.

மார்ச் 9

இன்று பலகைகளைக் கம்பியால் தைக்கும் வேலை. விளிம்பில் அரை அங்குலம் உள்ளே தள்ளி, ஆறு அங்குலத்துக்கு ஒரு துளை. மோட்டார் காயில் கட்டும் கடையில் வாங்கிய செம்புக் கம்பியைக் கோத்து முறுக்க, தட்டையாகக் கிடந்த பலகைகள் மதியத்துக்குள் படகாக எழுந்துவிட்டன.

முதுநகரில் விசைப்படகு கட்டிய பெரியவர் ஒருவர், ஓடாவி (படகு கட்டும் தச்சர்), பார்க்க வந்தார். வங்கு, அதாவது உள்ளே தாங்கும் வளைந்த சட்டம், வைக்காமல் படகா என்று முதலில் முகம் சுளித்தார். அப்புறம் ஒரு முடிச்சைத் தடவிப் பார்த்துவிட்டு, "மசூலாவும் இப்படித்தான் தம்பி. ஆணி கிடையாது, தேங்காய்நார்க் கயிறுதான். வங்கும் கிடையாது. அலை அடிச்சா வளைஞ்சு கொடுக்கும்" என்றார். இந்தக் கரையில் கப்பலுக்கும் நிலத்துக்கும் இடையே ஆளையும் சரக்கையும் ஏற்றி இறக்கியவை அந்தத் தையல் படகுகள்தான். பெரியவர் சும்மா போகவில்லை. அணியத்துப் பக்கம், அதாவது படகின் முன்பக்கம், பலகையை இன்னும் கொஞ்சம் வெளியே சாய்க்கச் சொன்னார். தட்டை அடிப் படகு எதிர்க்காற்றில் மூஞ்சியில் தண்ணீர் அடிக்குமாம். நாலு கம்பியை அவிழ்த்துச் சாய்த்துக் கட்டினோம். சட்டென்று படகுக்கு ஒரு களை வந்துவிட்டது.

மார்ச் 23

மூலைகளை ஒட்டவும் மரத்தில் பூசவும் இரண்டு திரவத்தைக் கலந்து செய்யும் பசைதான் எப்பாக்சி. அதற்குக் கடலூர் வெயில் பொல்லாதது. பெரிய டப்பாவில் கலந்தால் தன் சூட்டிலேயே கொதித்துப் புகைந்து கல்லாகிவிடும். கொஞ்சமாகக் கலந்து உடனே அகலத் தட்டில் பரப்பிவிட வேண்டும். மூலைகளுக்கு நைசான மரத்தூள் கலந்து உளுந்து வடை மாவுப் பதத்தில் எடுத்து, பழைய சாம்பார்க் கரண்டியின் முதுகால் இழுத்துவிட்டேன். அதன்மேல் கண்ணாடி இழை நாடா.

பூச்சை மட்டும் வெயில் இறங்கிய பிறகுதான் செய்கிறேன். காலையில் பூசினால் மரம் சூடேறச் சூடேற உள்ளே இருக்கும் காற்று குமிழ் குமிழாக வெளியே வரும். மாலையில் மரம் ஆறும்போது பூச்சை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

ஏப்ரல் 14

சித்திரை முதல் நாள். பாயசம் குடிக்க வந்தவர்களைப் பிடித்துப் படகைப் புரட்டினோம். நாலு பேர் சிரமமில்லாமல் தூக்கினார்கள். அடியில் நடுவே நீளவாக்கில் ஓடும் ஏராக்கட்டையை ஒட்டியாகிவிட்டது. உட்காரும் பலகைகளுக்குக் கீழே தெர்மோகோல் வைத்து மூடிய அறைகள். தண்ணீர் புகுந்தாலும் படகு மூழ்காது. அம்மாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. "அப்பரோட கல்லே மிதந்து கரையேறின ஊர்டா இது" என்று அணியத்தில் மஞ்சள் குங்குமம் வைத்தார்.

இன்ஜின் 5 குதிரைத்திறன் போதும். 15 வாங்கு என்று எல்லோரும் சொல்கிறார்கள். நீரில் 13 அடி நீளம் படியும் படகு, மணிக்கு 9 கிலோமீட்டர் வரை தன் அலையோடு சுகமாகப் போகும். அதைத் தாண்ட வேண்டுமானால் தண்ணீருக்கு மேலே ஏறி ஓட வேண்டும். அதற்குப் பெரிய இன்ஜின், அதைத் தாங்கக் கனத்த அமரம் (படகின் பின்பக்கம்), கனத்தை இழுக்க இன்னும் எண்ணெய். கரையை அரித்து, வலை போட்டிருப்பவரைத் திட்ட வைத்து என்ன லாபம்? ஏரியில் நீர்க்காகத்தைப் பார்க்க 9 கிலோமீட்டரே அதிகம்.

மே 11

விடிகாலையில் உப்பனாற்றில் இறக்கினோம். பெரியவர், நான், மச்சான், மூவருக்கும் லைஃப் ஜாக்கெட். மூன்று பேரும் ஏறிய பிறகு படகு நாலு அங்குலம்தான் அமிழ்ந்தது. தைத்த மூலைகளில் விரல் வைத்துப் பார்த்தேன். எல்லாம் காய்ந்தே இருந்தன. பாதி வேகத்தில் இன்ஜின் கைப்பிடியைப் பிடிக்காமல் விட்டும் நேராகப் போனது. கடல்காற்று எழுந்ததும் எதிரே திருப்பினோம். அடிப்பலகையில் அலை தட்டியது, ஆனால் மூஞ்சியில் ஒரு துளி விழவில்லை. பெரியவர் என்னைப் பார்த்துத் தலையாட்டினார்.

இனி காகித வேலை. 1917-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2021-இல் வந்த உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி இயந்திரப் படகைப் பதிவு செய்ய வேண்டும். வீராணம் சென்னைக்குக் குடிநீர் போகும் ஏரி என்பதால் நீர்வளத் துறைக்குத் தனியாக மனு எழுதியிருக்கிறேன். அனுமதி வரும்வரை இன்ஜினைக் கழற்றி வைத்துவிட்டுத் துடுப்போடு உப்பனாற்றிலேயே ஓட்டுவோம். உட்காரும் பலகையை மட்டும் இரண்டு அங்குலம் பின்னால் தள்ள வேண்டும்.