மலிவு இறால் வந்தால்

மீனவக் குடும்பத்தில் பிறந்தவள் நான். வெளிநாட்டுப் பண்ணை இறால் மலிவாகக் குவிந்தால் ஏலத்தில் முதலில் விழுவது எங்கள் விலைதான். டீசலும் ஐஸும் வலையும் அதற்காக இறங்கி வருவதில்லை. முன்பெல்லாம் மீன்பாடு குறைந்தால் விலையாவது ஏறும். இப்போது அந்தக் குறையை வெளிநாட்டிலிருந்து வரும் உறைந்த இறால் பெட்டிகள் நிரப்பிவிடுகின்றன. கடனை அடைக்க எங்கள் மீனவர்கள் இன்னும் அதிக நாள் கடலுக்குப் போகிறார்கள். குஞ்சு மீனையும் விடுவதில்லை.

2022-இல் உலக நீர்வாழ் விலங்கு உற்பத்தியில் பண்ணை வளர்ப்பு, இயற்கை நீரில் பிடிப்பதை முதன்முறையாக முந்தியதாக ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்பான எஃப்.ஏ.ஓ. சொல்கிறது. வளர்ப்பின் மேல் எனக்குப் பகையில்லை. எங்கிருந்து வந்தது என்று மறைத்து விற்கிறார்களே, அதுதான் பொறுக்கவில்லை. அமெரிக்காவின் லூசியானாவில் இறக்குமதி இறாலைப் பரிமாறும் உணவகம் அதை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்தச் சட்டம் எல்லா நாட்டுக்கும் வேண்டும்.