கொடிமலையிலிருந்து ஆண்ட்ரோமேடாவரை

பினாங்குக் கொடிமலையின் உச்சிக்குப் பொதுமக்களை ஏற்றிக்கொண்டு மலை ரயில் ஓடத் தொடங்கியது 1923 அக்டோபரில். அதே மாதத்தின் தொடக்கத்தில், கலிபோர்னியாவில் உள்ள வில்சன் மலையில், வானியலாளர் எட்வின் ஹபிள் 100 அங்குலத் தொலைநோக்கியைக் கொண்டு, வானில் மங்கிய ஒளித்திட்டாகத் தெரியும் ஆண்ட்ரோமேடாவைப் படமெடுத்தார். அந்தப் படத்தில் அவர் அடையாளம் கண்ட ஒரேயொரு விண்மீன், அண்டத்தின் அளவைப் பற்றி அதுவரை மனிதர் கொண்டிருந்த எண்ணத்தையே மாற்றிவிட்டது. இரு நிகழ்ச்சிகளுக்கும் தொடர்பில்லை என்றாலும், கோலாலம்பூரிலிருந்து விடுமுறைக்குப் பினாங்கு சென்றபோது, அந்த மலையின் மீது நின்றே ஆண்ட்ரோமேடாவைப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியதற்கு இந்த மாதப் பொருத்தமே காரணம். படிவம் 4 பயிலும் அக்காள் மகளும் உடன் வந்தாள்.

காலத்தையும் நாங்கள் கவனமாகத் தேர்ந்தோம். டிசம்பர் நடுப்பகுதியில், நிலவில்லாத இரவில், எட்டரை மணியளவில் ஆண்ட்ரோமேடா பினாங்கின் வடவானில் தன் உச்ச உயரத்தை அடைகிறது. ஆயர் ஈத்தாம் அடிவார நிலையத்திலிருந்து மாலையிலேயே ஏறிவிட்டோம். 2011-இல் புதிய பெட்டிகள் வந்த பிறகு நடுவழியில் வண்டி மாற வேண்டியதில்லை என்பதால், சில நிமிடங்களில் ஏறத்தாழ 830 மீட்டர் உயர மலையின் மேல் நிற்க முடிகிறது. முருகன் கோயிலில் வணங்கிவிட்டு, இருட்டும்வரை காத்திருந்தோம்.

கிழக்கே ஜார்ஜ் டவுனின் வெளிச்சம் வானத்தின் பெரும்பகுதியை விழுங்கியிருந்தது. தலைக்கு மேலே, சற்று மேற்கே சாய்ந்து, பஞ்சாங்கத்தில் நாம் பூரட்டாதி, உத்திரட்டாதி என்று படிக்கும் விண்மீன்கள் நான்கும் ஒரு பெருஞ்சதுரமாக நின்றன. அச்சதுரத்தின் வடகிழக்கு மூலைக்கும், வடக்கே தாழ்வாகத் தெரிந்த காசியோப்பியா விண்மீன் குழுவுக்கும் இடையே இருநோக்கியை மெல்ல நகர்த்தியபோது, நீள்வட்டமான வெளிறிய ஒளித்திட்டு ஒன்று அகப்பட்டது. அதுதான் ஆண்ட்ரோமேடா. 25 இலட்சம் ஒளியாண்டுகள் தொலைவில் இருப்பது. ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவான ஓர் ஒளியாண்டு என்பது ஏறத்தாழ 9.46 இலட்சம் கோடி கிலோமீட்டர். எங்கள் கண்ணில் பட்ட அந்த ஒளி புறப்பட்ட நாளில் மனித இனம் இன்றைய வடிவில் தோன்றியிருக்கவே இல்லை. அவள் நெடுநேரம் இருநோக்கியைத் தரவே இல்லை. எனக்கு அதில் மிகுந்த மகிழ்ச்சி.

இத்தொலைவை அளந்தது எப்படி என்பதுதான் நான் அவளுக்குச் சொல்ல விரும்பிய செய்தி. அதற்கு நேர் எதிர்த்திசையில், தெற்கே திரும்ப வேண்டியிருந்தது. தென்வானில் ஆக்கர்நார் என்னும் பிரகாசமான விண்மீன் தெரிந்தது. அதற்கும் கீழே, அடிவானத்தை ஒட்டி, மேகம்போல் தெரியும் விண்மீன் கூட்டமான சிறிய மகெல்லன் முகில் இருக்க வேண்டும். பயான் லெப்பாஸ் பக்கத்து விளக்கொளியும் மூட்டமும் சேர்ந்து அதை மறைத்துவிட்டன. ஆயினும் ஆண்ட்ரோமேடா வடக்கே உச்சம் தொடும் அதே வேளையில்தான் அந்த முகிலும் தெற்கே தன் உச்சத்தைத் தொடுகிறது. நிலநடுக்கோட்டுக்கு இவ்வளவு அருகில் வாழ்கிற நமக்கே இரண்டும் ஒரே இரவில் வாய்க்கின்றன. வடக்கே வெகுதொலைவில் உள்ள நாடுகளில் அந்த முகில் எழுவதே இல்லை.

அந்த முகிலின் படங்கள் பெரு நாட்டில் எடுக்கப்பட்டு, அமெரிக்காவின் ஹார்வர்டு வானாய்வகத்துக்கு அனுப்பப்பட்டன. அங்கே பணியாற்றிய ஹென்ரியெட்டா லீவிட், ஒளி கூடிக் குறையும் செஃபீட் வகை விண்மீன்களை அப்படங்களில் ஒவ்வொன்றாகத் தேடிக் குறித்தார். அவை அனைத்தும் ஒரே முகிலில், நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பதால், எது கூடுதலாக ஒளிர்கிறது என்பதை ஐயமின்றி ஒப்பிட முடிந்தது. ஒளி மாறும் காலம் நீள நீள, விண்மீனின் உண்மையான ஒளிர்வும் கூடுகிறது என்று 1912-இல் அவர் நிறுவினார். காலத்தை அளந்தால் உண்மை ஒளிர்வு தெரியும். தொலைவு இரு மடங்கானால் நமக்கு வந்து சேரும் ஒளி நான்கில் ஒன்றாகும் என்ற விதியால், மங்கிய அளவிலிருந்து தொலைவு தெரியும். லீவிட் 1921-இல் காலமானார். இரண்டே ஆண்டுகளில் ஹபிள் ஆண்ட்ரோமேடாவில் ஒரு செஃபீட் விண்மீனைக் கண்டு, அது நம் பால்வீதிக்குள் இருக்கும் முகில் அன்று, வெளியே தனித்திருக்கும் வேறொரு விண்மீன் மண்டலம் என்று காட்டினார். ஹபிளின் பெயரை அறிந்த மாணவர்களில் பலர் லீவிட்டின் பெயரை அறிந்திருப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

தொலைவுகள் தெரிந்த பிறகுதான் அண்டத்தின் விரிவு தெரிய வந்தது. விண்மீன் மண்டலங்கள் பலவற்றின் ஒளி சிவப்பை நோக்கிப் பெயர்ந்திருப்பதை, அதாவது அவை நம்மைவிட்டு விலகுவதை, வானியலாளர் வெஸ்டோ ஸ்லைஃபர் முன்பே அளந்திருந்தார். ஐன்ஸ்டைனின் சமன்பாடுகளிலிருந்து அண்டம் விரிகிறது என்று 1927-இல் இயற்பியலாளர் ஜார்ஜ் லெமைத்ர எழுதினார். தொலைவு கூடக்கூட விலகும் வேகமும் கூடுகிறது என்பதை 1929-இல் ஹபிள் தரவுகளோடு வெளியிட்டார்.

"மாமா, விரிகிறது என்றால் எதற்குள்ளே விரிகிறது?" என்று அவள் கேட்டாள். அவளுடைய தலைமுடி ரப்பரை வாங்கி, பேனாவால் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி வைத்து, இரு மடங்காக இழுத்துக் காட்டினேன். முதல் புள்ளியிலிருந்து 1, 2, 3 சென்டிமீட்டரில் இருந்தவை 2, 4, 6-க்குப் போயின. தொலைவில் இருந்ததே அதிகம் நகர்ந்தது. எந்தப் புள்ளியிலிருந்து பார்த்தாலும் மற்றவை விலகுவதாகவே தோன்றும். இங்கே நடுப்புள்ளி என்று எதுவும் இல்லை. ரப்பருக்கு வெளியே என் கைகள் இருந்தன. அண்டத்துக்கோ அப்படி ஒரு வெளிப்புறம் தேவையில்லை, விண்வெளிதான் நீள்கிறது. ஆனால் ஈர்ப்பு வலுவாக உள்ள இடங்களில் இந்த விரிவு வெல்வதில்லை. நாங்கள் பார்த்த ஆண்ட்ரோமேடா உண்மையில் பால்வீதியை நோக்கி நெருங்கி வருகிறது.

வயதும் இதிலிருந்தே கிடைக்கிறது. 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவில் உள்ள விண்மீன் மண்டலம் நொடிக்கு 70 கிலோமீட்டர் அளவில் விலகுகிறது எனில், தொலைவை வேகத்தால் வகுக்க 1,400 கோடி ஆண்டுகள் வரும். ஹபிளின் காலத்தில் இந்த வேகம் 500 கிலோமீட்டர் என்று கணக்கிடப்பட்டதால் அண்டத்தின் வயது 200 கோடி ஆண்டுகளாகச் சுருங்கி, பூமியின் பாறைகளைவிடக் குறைந்துவிட்டது. செஃபீட்களில் இரு வகை உண்டு என்று வானியலாளர் வால்டர் பாடே கண்ட பிறகு, 1952-இல் தொலைவுகள் இரு மடங்காகி, அச்சிக்கல் தீரத் தொடங்கியது. இன்றைய மதிப்பு 1,380 கோடி ஆண்டுகள். ஒளி பயணிக்கும்போதே வெளியும் விரிந்துவிட்டதால், நம் பார்வைக்கு எட்டும் அண்டத்தின் விளிம்பு இப்போது 4,600 கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கிறது.

கீழிறங்கும் ரயிலில் அவள் கேட்ட கேள்வி, எல்லாம் அளந்து முடிந்துவிட்டதா என்பது. முடியவில்லை. அண்டத்தின் தொடக்கக் காலத்திலிருந்து நுண்ணலையாக எஞ்சியிருக்கும் ஒளியைக் கொண்டு கணக்கிட்டால், அதே 32.6 இலட்சம் ஒளியாண்டுத் தொலைவுக்கு விரிவு வேகம் நொடிக்கு 67 கிலோமீட்டர் என்றும், செஃபீட்களின் வழியே படிப்படியாக அளந்தால் 73 என்றும் வருகிறது. எந்தப் பக்கம் எதை விட்டுவிட்டோம் என்று அறிய, லீவிட் குறித்துவைத்த அதே வகை விண்மீன்களை ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மீண்டும் அளந்துகொண்டிருக்கிறது.