கழற்றக் கழற்ற ஒரு பென்ஸ்

எங்கள் ஒர்க்ஷாப்புக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் எதையாவது சேர்க்கச் சொல்லித்தான் வருவார்கள். பெரிய அலாய் வீல், சப்வூஃபர், சீட் கவர், பின்பக்கக் கேமரா. கழற்றுவதற்கென்றே வந்த வண்டி என்றால் அது அந்த வெள்ளி நிற பென்ஸ்தான். எஸ் 320 எல். டபிள்யூ220 என்று நாங்கள் சொல்லும் தலைமுறை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே 3,085 மில்லிமீட்டர். பின் சீட்டில் ஒருவர் காலை நீட்டி உட்கார்ந்து பேப்பர் படிப்பதற்காகவே செய்த வண்டி. அதை டிராக் டே ஓட்டுகிற மாதிரி மாற்றித் தர வேண்டும் என்றார் ஓனர்.

டிராக் டே என்பது ரேஸ் இல்லை. பணம் கட்டி, நம் சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் குறிப்பிட்ட நேரம் ஓட்டிக்கொள்ளலாம். பரிசும் கிடையாது, கப்பும் கிடையாது. வழக்கமாக அதற்கு போலோ, ஸ்விஃப்ட் மாதிரி சின்ன வண்டிகளைத்தான் கொண்டுவருவார்கள். ஏன் சார் இந்த யானையை என்று கேட்டதற்கு அவர் சொன்ன காரணம் நியாயமாகவே இருந்தது. இந்த வண்டிகளில் ஸ்பிரிங் கிடையாது. ஏர்மேட்டிக் என்கிற காற்று சஸ்பென்ஷன். ரப்பர் பை வெடித்து, கம்பிரஸரும் போய்விட்டால் வருகிற பில்லுக்குப் பயந்தே பலர் வந்த விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். ஒரு நல்ல ஹேட்ச்பேக்கை விடக் குறைந்த காசுக்கு, பின் சக்கரம் இழுக்கும் 3.2 லிட்டர் வி6 வண்டி. 224 குதிரைத்திறன். எதற்காக அதன் விலை விழுந்ததோ அதைத்தான் நாங்கள் முதலில் தூக்கி எறியப் போகிறோம். கணக்கு சரிதான்.

வேலையைத் தொடங்குமுன் வண்டியை எடைமேடையில் ஏற்றினோம். பஞ்சு லாரி ஏறுகிற எடைமேடை. பத்துப் பத்துக் கிலோவாகத்தான் காட்டும். முன் சக்கரம் மட்டும் மேடையில் நிற்க ஒரு எடை, முழு வண்டிக்கு ஒரு எடை, பின் சக்கரத்துக்கு ஒரு எடை. சீட்டு போடும்போது எடைமேடைக்காரர் "லோடு என்னங்?" என்று கேட்டார். "வண்டியேதானுங்க லோடு" என்றார் எங்கள் டிங்கர். டேங்க் நிறைய பெட்ரோலோடு 1,800 கிலோவை ஒட்டி நின்றது. அந்தச் சீட்டை ஆபீஸ் சுவரில் ஒட்டிவைத்தோம்.

சொகுசு காரைப் பிரித்துப் பார்த்தால்தான் சொகுசு என்பது எவ்வளவு கனம் என்று புரிகிறது. முன் சீட் ஒன்றைத் தூக்க இரண்டு பேர் வேண்டும். உள்ளே மோட்டார்கள், ஹீட்டர், ஏர்பேக், யார் உட்கார்ந்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும் என்று நினைவு வைத்துக்கொள்ளும் ஒரு சின்னக் கம்ப்யூட்டர். நாற்பது கிலோவுக்குப் பக்கம் வரும். அந்த இடத்தில் நாங்கள் வைத்த ஃபைபர் பக்கெட் சீட்டை ஒரு கையால் தூக்கிவிடலாம். கார்ப்பெட்டை உரித்தால் அடியில் உள்ளங்கை கனத்துக்கு ஃபோம். அதற்கும் அடியில், இரைச்சல் கேட்காமலிருக்கத் தகரத்தோடு ஒட்டிய தார் ஷீட்.

அந்தத் தார் ஷீட்டை எடுப்பது தனிக் கலை. ஹீட் கன்னில் சூடாக்கிச் சுரண்டினால் பிசுபிசுவென்று கையோடு வரும், நாள் முழுக்க வேலை வாங்கும். டிரை ஐஸ்தான் வழி. மைனஸ் 78 டிகிரி. அதைப் பொடித்துத் தரையில் பரப்பி, ஷீட் விறைக்கும் வரை விட்டுவிட்டு, சுத்தியலால் லேசாகத் தட்ட வேண்டும். ஓசை மாறுவது காதுக்கே தெரியும். மொத்தென்று கேட்டது திடீரென்று டக்கென்று கேட்கும். அந்த இடம் தயார், துண்டு துண்டாகத் தெறித்து வரும். நாலு கதவும் டிக்கியும் திறந்துதான் இருக்க வேண்டும். டிரை ஐஸ் ஆவியாவது கார்பன் டை ஆக்ஸைடாக. மூடிய காருக்குள் தலையை விட்டு வேலை பார்த்தால் ஆளே மயங்கிவிடுவார். பையன்களிடம் இதை இரண்டு தடவை சொன்னேன்.

வயரிங்கில் மட்டும் கை வைக்காதே என்பது எங்கள் எலக்ட்ரீஷியன் அண்ணனின் கட்டளை. இந்த வண்டியில் கதவுக்கு ஒரு கன்ட்ரோல் யூனிட், சீட்டுக்கு ஒன்று, சஸ்பென்ஷனுக்கு ஒன்று. எல்லாம் ஒன்றோடொன்று பேசிக்கொண்டே இருக்கும். ஒன்றைக் காணோம் என்றால் மற்றது புகார் சொல்லும். அதனால் எதையும் வெட்டாமல், ஒவ்வொரு கனெக்டரிலும் வெள்ளை டேப் சுற்றிப் பெயர் எழுதி, தேவையில்லாததை மட்டும் கனெக்டரின் உலோக முனையிலிருந்து கழற்றினார். அப்படியும் ஏர்மேட்டிக்கை எடுத்த அன்று டேஷ்போர்டில் "ஒர்க்ஷாப்புக்குச் செல்லவும்" என்று எச்சரிக்கை வந்துவிட்டது. வண்டி நின்றுகொண்டிருந்ததே ஒர்க்ஷாப்புக்குள்தான்.

பின் சீட், அதற்குப் பின்னாலிருந்த மோட்டார் திரை, கதவைத் தானே இழுத்துச் சாத்தும் ஏற்பாடு, ஆம்ப்ளிஃபையர், மரப்பலகை அலங்காரம் எல்லாம் போயின. ஓனர் ஒரு சாயங்காலம் வந்து வெறும் தகரத்தைப் பார்த்துவிட்டு, "ஏனுங்ண்ணா, இத்தனையும் கழட்டிட்டா இதை பென்ஸுன்னு எப்படிங் சொல்றது?" என்றார். முன்னால் நட்சத்திரம் இருக்குதுங்களே சார் என்று சமாளித்தேன். பவர் ஸ்டீயரிங், ஏபிஎஸ், வைப்பர், கண்ணாடிக்குக் காற்றடிக்கும் புளோயர் இவற்றைத் தொடவில்லை. எடை குறைக்கிற வெறியில் இவற்றையும் பிடுங்குகிறவர்கள் உண்டு. மழையில் முன்கண்ணாடி ஆவி படிந்த ஒரு லேப் போதும், புத்தி வந்துவிடும்.

இப்படி ஒரு கூத்தை நாங்கள்தான் முதலில் செய்கிறோம் என்று இல்லை. இன்று ஏஎம்ஜி என்றால், பென்ஸின் வேக வண்டிப் பிரிவு என்று உலகத்துக்கே தெரியும். 1967இல் ஹான்ஸ் வெர்னர் ஆஃப்ரெக்ட், எர்ஹார்ட் மெல்ஷர் என்ற இரண்டு பேர் ஒரு பழைய ஆலையில் தொடங்கிய பட்டறை அது. 1971இல் அவர்கள் 300 எஸ்இஎல் 6.3 என்ற பெரிய பென்ஸ் சலூனை எடுத்து, இன்ஜினை 6.8 லிட்டராகக் குடைந்து, பெல்ஜியத்தின் ஸ்பா 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கொண்டுபோனார்கள். எடை 1,600 கிலோவுக்கு மேல். சின்னச் சின்ன ரேஸ் கார்களுக்கு நடுவே செக்கச்செவேலென்று அந்த வண்டி போய் நின்றபோது சிரித்தவர்கள் உண்டு. மொத்தத்தில் இரண்டாவதாக வந்து, தன் பிரிவில் முதலாவதாக முடித்தது. சிவப்புப் பன்றி என்று பெயரே வந்துவிட்டது. இந்தக் கதையை ஓனரிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. உடனே இன்ஜினுக்கு என்ன செய்யலாம் என்று ஆரம்பித்துவிட்டார்.

இன்ஜினுக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொல்லிப் புரியவைப்பதுதான் இந்த மொத்த வேலையிலும் கடினமான பகுதி. கனமான வண்டிக்கு டிராக்கில் வில்லன் பவர் இல்லை, பிரேக் சூடு. ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். 1,800 கிலோ வண்டி 140 கிலோமீட்டர் வேகத்திலிருந்து 60க்கு இறங்கினால், ஏறக்குறைய 1.1 மெகாஜூல் ஆற்றலை பிரேக் சூடாக மாற்றியாக வேண்டும். நாலு லிட்டர்க்குக் கொஞ்சம் குறைவான தண்ணீரைப் பச்சைத் தண்ணீரிலிருந்து கொதிக்கவைக்க அது போதும். அதில் பெரும்பங்கு முன் டிஸ்க் இரண்டின் தலையில்தான் விழும். ரோட்டில் இப்படி ஒரு தடவை அழுத்தினால் அப்புறம் ஆற நேரமிருக்கும். டிராக்கில் அடுத்த வளைவு உடனே வந்துவிடும். எடையை 1,500க்குக் கொண்டுவந்தால் ஒவ்வொரு தடவையும் ஆறில் ஒரு பங்கு சூடு மிச்சம். பவரை ஏற்றினாலோ நேர்கோட்டின் முடிவில் வேகம் கூடி, இதே கணக்கு இன்னும் மோசமாகும். வேகத்தின் வர்க்கமல்லவா.

ஆகவே காசெல்லாம் பிரேக்குக்குப் போனது. ரேஸ் பேட், புது டிஸ்க், ரப்பர் ஓஸுக்குப் பதில் ஸ்டீல் பின்னல் ஓஸ். டிஸ்க்குக்குப் பின்னாலிருக்கும் தகர மறைப்பை எடுத்துவிட்டு, ஃபாக் லேம்ப் ஓட்டைகளிலிருந்து குழாய் இழுத்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்குக் காற்று போகச் செய்தோம். அதற்கான பிராக்கெட்டுகளைப் பக்கத்து லேத் பட்டறையில் கடைந்தோம். இந்த ஊரில் இருப்பதன் லாபம் அது. வரைந்து கொடுத்தால் காலையில் கைக்கு வந்துவிடும்.

பிரேக் ஆயில் விஷயத்தில் பலர் அசட்டையாக இருக்கிறார்கள். டாட் 4 ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். நாலு சதவீதம்கூட வேண்டாம், அதற்குச் சற்றுக் குறைவாக நீர் சேர்ந்தாலே கொதிநிலையின் உத்தரவாதம் 155 டிகிரிக்கு இறங்கிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழி. பெடல் தரையைத் தொடும், வண்டி நிற்காது. மூன்று வருடமாக மாற்றாத ஆயிலோடு டிராக்குக்கு வருகிறவரைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

காற்றுப் பைகளுக்குப் பதில் போடும் காயில் ஸ்பிரிங் செட் ரெடியாகவே கிடைக்கிறது. ஆனால் அது மெத்தை மாதிரி ஓடுவதற்காகச் செய்தது. வண்டியில் 300 கிலோ குறைந்தபிறகு அதன் நிற்கும் உயரமே மாறிவிட்டது. கடினமான ஸ்பிரிங் தனியாகச் சுற்றி வாங்கினோம். கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கத்தை உள்ளே சாய்த்து வைப்பது, அந்த விஷயத்தில்தான் முழுத் திருப்தி இல்லை. கம்பெனி போல்ட்டில் கிடைக்கிற சரிவு கொஞ்சம்தான். வளைவில் வண்டி சாயும்போது முன் டயரின் வெளி விளிம்பு மட்டும் அரைபடுகிறது.

கியர் பாக்ஸ் ஐந்து ஸ்பீடு ஆட்டோமேட்டிக், 722.6 என்ற மாடல். நல்ல பெட்டி. ஒரே ஒரு நோய் உண்டு. பக்கவாட்டில் வயர் நுழையும் கனெக்டரின் ஓ-ரிங் கெட்டுப்போனால், ஆயில் வயருக்குள்ளேயே ஏறி ஏறிக் கடைசியில் கம்ப்யூட்டர் வரை போய்விடும். சில நூறு ரூபாய்ச் சாமான். அதை மாற்றாமல் விட்டு, கியர் பாக்ஸே போய்விட்டது என்று பெரிய எஸ்டிமேட் வாங்கிக்கொண்டு வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். கனெக்டரை மாற்றி, தனியாக ஓர் ஆயில் கூலரும் வைத்தோம்.

ரோல் கேஜ், அதாவது வண்டி உருண்டாலும் ஆளைக் காக்க உள்ளே கட்டும் குழாய்க் கூண்டு, எடையைக் கூட்டும்தான், அதில் பேரம் இல்லை. மெயின் வளையத்துக்கு 45 மில்லிமீட்டர் விட்டம், 2.5 மில்லிமீட்டர் கனம், தையல் இல்லாத குழாய். சாதாரண ஜிஐ பைப்பை வளைத்து பெயிண்ட் அடித்து கேஜ் என்று விற்கிறவர்கள் இருக்கிறார்கள். மோதும்போது அந்தப் பைப்பே ஆளைக் குத்தும். தோள் பெல்ட்டை சீட்டுக்குப் பின்னால் தரையில் கட்டுவதும் அதே மாதிரி ஆபத்து. மோதலில் அது முதுகெலும்பைக் கீழ்நோக்கி அமுக்கும். தோள் மட்டத்தில் குறுக்குக் குழாயில்தான் கட்ட வேண்டும்.

இவ்வளவும் செய்தபின் வண்டி ரோட்டில் ஓடக் கூடாது. மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவும், 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பும் அதில் தெளிவு. கோவைக்குப் பக்கத்துச் செட்டிபாளையத்துக்கு ஃபிளாட்பெட் லாரியில்தான் போனோம். கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கிலோமீட்டர். மாருதி 800 இன்ஜினை வைத்து இலேசான, மலிவான ஒற்றை சீட் ரேஸ் கார் செய்து இந்த நாட்டுப் பையன்களை ஓட்டவைத்த கரிவர்தனின் பெயரில் அமைந்த டிராக். அங்கே ஒன்றரை டன் பென்ஸை இறக்கியபோது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது.

நெருக்கமான வளைவுகளில் அந்த நீளம் காட்டிக்கொடுத்தது. முன்பக்கம் திரும்பிவிட்டாலும் பின்பக்கம் யோசித்துத்தான் வந்தது. ஆனால் நேர்கோட்டு முடிவில் ஓனர் பிரேக்கை அழுத்திய ஒவ்வொரு தடவையும் வண்டி நின்றது. பெடல் தளரவில்லை. பேட் வாசம் பிட் வரை வந்தது, அது சகஜம். கடைசி லேப்பை பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டச் சொல்லியிருந்தோம். உள்ளே வந்ததும் பெடலிலிருந்து காலை எடுக்கவைத்து, பார்க்கில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்தோம். கொதிக்கிற டிஸ்க்கின் மேல் பேட்டை அழுத்திப் பிடித்தபடி நின்றால் அந்த இடத்தில் பேட் பொருள் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் ஸ்டீயரிங் உதறும். எதிர்பாராத ஒன்று, பின் பேட் வேகமாகத் தேய்ந்திருந்தது. வண்டி வழுக்காமல் பிடிக்கும் ஈஎஸ்பி என்கிற கம்ப்யூட்டர் ஏற்பாட்டை பட்டனில் அணைத்தாலும் அது முழுதாக விலகுவதில்லை. வளைவிலிருந்து வெளியேறும்போது சுழல்கிற உள்பக்கச் சக்கரத்தை அதுவே பிரேக் போட்டுப் பிடிக்கிறது. ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுழலாமல் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியலைப் பின்னால் போட்டால் தீரும். அது அடுத்த பட்ஜெட்.

இப்போது நடக்கிற சண்டை ஏசி பற்றியது. கம்பிரஸர், கண்டென்ஸர், குழாய்கள் எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது. எடுக்கச் சொன்னவரும் அவர்தான். சத்தம் தடுக்கும் ஷீட் இல்லாத தகரத்துக்குள், ஹெல்மெட்டும் முழுக்கை சூட்டும் போட்டுக்கொண்டு சித்திரை வெயிலில் ஓட்டிப் பார்த்தபின், திரும்பப் போட்டுவிடலாமா என்கிறார். டிங்கர் கூடாது என்கிறார். அவர் கழற்றிய ஒவ்வொரு கிலோவும் அவருக்குச் சொந்தப் பிள்ளை. நான் ஓனர் பக்கம். மயக்கம் வருகிற டிரைவர் எந்த வளைவில் பிரேக் போடுவார் என்று யாருக்குத் தெரியும்? கம்பிரஸரை விற்றுவிடாமல் அலமாரியில்தான் வைத்திருக்கிறேன். எலக்ட்ரீஷியன் அண்ணனிடம் கேட்டோம். கனெக்டரில் பேர் எழுதி வைத்திருப்பதாகச் சொன்னார்.