நீரில்லாத ஆறு, கண்டிப்பில்லாத பள்ளிக்கூடம்

போன மே மாதம் அண்ணன் மகள் விடுமுறைக்கு வேலூர் சத்துவாச்சாரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பன்னிரண்டாம் வகுப்புக்குப் போகிற பெண். மலையடிவாரத்து வீடு என்பதால் பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை ராத்திரி பத்து மணிக்கு மேல்தான் அதைத் திருப்பித் தர ஆரம்பிக்கும். மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்தாலும் தூக்கம் வராது. அவள் செல்போனைப் பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். திரையில் 23.5 என்ற எண்.

இருபத்திரண்டு வருஷமாகப் புவியியல் நடத்துகிறவள் நான். "பூமியின் அச்சுச் சாய்வைப் பற்றியா?" என்று ஆசையாகக் கேட்டேன்.

"ஒருவிதத்தில் அதேதான் அத்தை" என்றாள், என் முகத்தைப் பார்க்காமல்.

அது '23.5' என்ற தாய்லாந்துத் தொடர். ஜிஎம்எம்டிவி நிறுவனம் 2024 மார்ச்சில் ஒளிபரப்பத் தொடங்கியது. இரண்டு பெண்களின் காதலை மையமாக வைத்து அந்த நிறுவனம் எடுத்த முதல் தொடர். மொத்தம் பன்னிரண்டு அத்தியாயங்கள். யூடியூபில் ஒவ்வொன்றையும் நான்கு துண்டாகப் போட்டிருக்கிறார்கள். அடியில் ஓடும் ஆங்கில வசன வரிகளைப் படித்துக்கொண்டே பத்து ராத்திரியில் முடித்தேன். இடையில் ஒருநாள் காற்று வாங்க மாடிக்கு வந்த என் மாமியார், "இந்தப் பெண்கள் எல்லாரும் எதற்கு வாய்க்கு வாய் அக்கா, அக்கா என்கிறார்கள்?" என்று கேட்டார். தாய்லாந்து மொழியில் பெண்கள் மரியாதைக்காக வாக்கியத்தை 'க்கா' என்று முடிப்பார்களாம். "நல்ல ஊர்" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். என்ன கதை என்று அவர் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை.

கதை சின்னது. புதிதாகப் பள்ளியில் சேர்ந்த ஓங்ஸா கூச்சக்காரி. பள்ளியே கொண்டாடும் சன் மீது அவளுக்கு ஆசை. நேரில் பேசத் துணிவில்லாமல் 'எர்த்' என்ற புனைபெயரில் செய்தி அனுப்புகிறாள். எர்த் ஒரு பையன் என்று நினைத்துக்கொண்டு சன் அந்தப் பேச்சில் மனதைக் கொடுக்கத் தொடங்குகிறாள். ஓங்ஸா என்றால் தாய்லாந்து மொழியில் பாகை, அதாவது டிகிரி. அந்தச் சொல் சமஸ்கிருத அம்சத்திலிருந்து போனது. நம் பஞ்சாங்கக்காரர்கள் சொல்லும் அதே அம்சம். சூரியன், பூமி, நடுவில் ஒரு பாகை. போதாதற்கு நிலவின் பெயரில் லூனா என்று ஒருத்தி, தன்னை வேற்றுக்கிரகவாசி என்றே நம்பும் ஐலின் என்று இன்னொருத்தி. பெயர் வைத்த புத்திசாலித்தனத்துக்கே பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன்.

மீதிப் பாதியில் பெரும்பங்கு ஓங்ஸாவாக நடித்த மில்க் என்ற பெண்ணுக்கு. அவரும் சன்னாக வரும் லவ்வும் 2021-ல் வேறொரு தொடரில் துணை ஜோடியாக வந்தவர்கள். அந்தப் பழக்கம் இதில் தெரிகிறது. மில்க் பேசும்போதைவிடப் பேசாமல் இருக்கும்போதுதான் நன்றாக நடிக்கிறார். செய்தியைத் தட்டச்சு செய்வது, அழிப்பது, மறுபடி எழுதுவது, அனுப்பிவிட்டு செல்போனைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பது என்று ஓடும் அந்த வயதின் அவஸ்தை முழுவதும் முகத்தில் வந்துவிடுகிறது. ஐலினும் லூனாவும் வரும் பகுதிகள் எனக்கு முதன்மைக் கதையைவிடப் பிடித்திருந்தன. ஐலினை யாரும் திருத்த முனைவதில்லை. வேற்றுக்கிரகவாசி என்றால் சரி, அப்படியே இரு என்று லூனா பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். எங்கள் ஆசிரியர் ஓய்வறையில் ஒரு வாரம் போட்டுக் காட்டலாம்.

இனி டீச்சர் வேலை. சூரியனைப் பார்த்துப் பூமி சாய்ந்திருக்கிறது என்று காதலுக்கு உவமை பிடித்தால் அழகுதான், ஆனால் தப்பு. அச்சு எப்போதும் ஒரே திசையில், துருவ நட்சத்திரத்தைப் பார்த்தே சாய்ந்திருக்கிறது. நம் அரைக்கோளம் ஆறு மாதம் சூரியன் பக்கம், ஆறு மாதம் எதிர்ப்பக்கம். அதனால்தான் பருவங்கள். காதலுக்கும் அதுதான் இன்னும் பொருத்தம் என்று சொன்னேன்; அண்ணன் மகள் "அத்தை, படத்தைப் பாருங்கள்" என்றாள். வேலூர் ஏறக்குறைய 12.9 பாகை வடக்கு, பாங்காக் 13.7. இரண்டு ஊருக்கும் சூரியன் வருஷத்தில் இருமுறை நேர் உச்சிக்கு வரும், சில நாள் முன்பின்னாக. ஆகஸ்ட் மூன்றாம் வாரத்தில் பகல் 12.15 வாக்கில் தண்ணீர் பாட்டிலை மைதானத்தில் நிறுத்தி, நிழல் காலடிக்குள் போய்விடுவதைப் பிள்ளைகளுக்குக் காட்டுவேன். அந்தப் பெண்கள் நடக்கும் வெயிலும் எங்கள் வெயிலும் ஒன்றுதான். அவர்கள் மட்டும் வியர்ப்பதே இல்லை.

பொய்யை இழுத்துக்கொண்டே போவது பெரிய குறை. கூச்சத்தில் முதல் நாள் சொன்ன பொய்யை மன்னிக்கலாம். அந்தப் பெண் மனதை ஒப்படைத்த பிறகும் மூடி வைப்பது கூச்சமில்லை, ஏமாற்று. சன் பக்கத்திலிருந்து அந்த வலியைத் தொடர் போதுமான அளவு பார்க்கவில்லை. அவளை ஒளிவீசவே விட்டுவிட்டார்கள். பாவம், பெயர் அப்படி. பிற்பகுதியில் நடை தளர்கிறது. நான்கு துண்டில் ஒன்றைக் கத்தரித்திருக்கலாம்.

எங்கள் ஊரைக் கேலி செய்ய ஒரு பழைய பட்டியல் உண்டு: நீரில்லாத ஆறு, மரமில்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். கடைசிக் குறை 1981-ல் தீர்ந்தது; ஜலகண்டேஸ்வரர் கோட்டைக்குள் திரும்பி வந்துவிட்டார். இந்தத் தொடரைப் பார்த்ததும் கண்டிப்பில்லாத பள்ளிக்கூடம் என்று ஒன்றைச் சேர்க்கத் தோன்றியது. அங்கே பயம் பெரும்பாலும் ஓங்ஸாவின் மனதுக்குள்தான் இருக்கிறது. "இப்படி ஒரு பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது?" என்று எரிச்சலோடு கேட்டேன்.

"எங்கேயும் இல்லை என்பதால்தானே அத்தை பார்க்கிறோம்" என்றாள்.

அதற்குப் பிறகு எனக்குத் தூக்கம் வராததற்குப் பாறை காரணமில்லை. பதினைந்து வருஷத்துக்கு முன்னால், அப்போது வேலை பார்த்த பள்ளியில், ஒரு மாணவியின் வரைபட நோட்டுக்குள் கடிதம் ஒன்று இருந்தது. பக்கத்து பெஞ்சுப் பெண்ணுக்கு எழுதியது. கெட்ட வார்த்தை ஒன்றுகூட இல்லை. 'நீ வராத நாளில் மூன்றாவது பீரியட் மிக நீளம்' என்று ஒரு வரி. மூன்றாவது பீரியட் என்னுடையது. நான் அதைக் கொண்டுபோய்த் தலைமையாசிரியர் மேசையில் வைத்தேன். இரண்டு வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். ஒருத்தியின் அப்பா அன்றைக்கே மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு போனார். அவள் பொதுத்தேர்வு எழுதினாளா என்பதுகூட எனக்குத் தெரியாது. அப்போது கடமையைச் செய்ததாகத்தான் நினைத்தேன்.

தாய்லாந்தில் 2025 ஜனவரி 23 முதல் இரண்டு பெண்கள் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளலாம். நம் உச்சநீதிமன்றம் 2023 அக்டோபரில் அந்த உரிமையைத் தர மறுத்துவிட்டது. அதையெல்லாம் அண்ணன் மகள்தான் தேதியோடு சொன்னாள். இவ்வளவு தேதி வரலாற்றுத் தேர்வில் சொல்லியிருந்தால் மதிப்பெண் எங்கேயோ போயிருக்கும்.

ஜூனில் பள்ளி திறந்து முதல் வாரம். பூமியின் இயக்கங்கள் பாடம். கரும்பலகையில் வட்டம் போட்டு, அச்சைச் சாய்த்துக் கோடு இழுத்து, "எத்தனை பாகை?" என்று கேட்டேன். "இருபத்து மூன்றரை டீச்சர்" என்று வகுப்பே கத்தியது. கடைசி பெஞ்சில் இரண்டு பேர் மட்டும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிப்பை அடக்கினார்கள். ஒருத்தியின் கையிலிருந்து மடித்த தாள் ஒன்று இன்னொருத்தியின் நோட்டுக்குள் போனது. நான் பலகைப் பக்கம் திரும்பி, ஏற்கெனவே போட்டிருந்த கோட்டை அழித்துவிட்டு, அளவுகோல் வைத்து நிதானமாக மறுபடி போட ஆரம்பித்தேன்.