எல்லாக் கோடும் எலும்பு முறிவு இல்லை

உட்செவியைப் பற்றி எனக்கு இன்னும் வியப்புக் குறையாத விஷயம் ஒன்று உண்டு. அம்மா வயிற்றில் ஐந்தாறு மாதம் இருக்கும்போதே அது முழு அளவை எட்டிவிடுகிறது. கை, கால், தலை எல்லாம் பிறகு பல வருடம் வளரும், உட்செவிக்குள் நத்தைக்கூடு போலச் சுருண்டிருக்கும் கேட்கும் உறுப்பான காக்ளியா வளராது. ஒரு வயதுக் குழந்தையின் சிடி ஸ்கேனையும் அதன் தாத்தாவின் ஸ்கேனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், சுற்றியிருக்கும் எலும்பு ஆளே மாறியிருக்கும். காக்ளியாவும், உடலின் சமநிலைக்கான அரைவட்டக் குழல்களும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் இருக்கும். "வளர வளரச் சரியாயிடுமா மேடம்?" என்று பெற்றோர் கேட்கும்போது, அந்த வடிவம் இனி மாறாது என்று சொல்ல வேண்டியிருப்பது இதனால்தான்.

நான் திருநெல்வேலியில் ரேடியாலஜிஸ்ட். காது கேளாதவர்களின் காக்ளியாவுக்குள் பொருத்தும் மின்கருவியான காக்ளியர் இம்ப்ளாண்ட் வைப்பதற்கு முன் எடுக்கும் ஸ்கேன்கள் நிறைய என்னிடம் வரும். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை செய்கிறார்கள் என்பதால், சின்னச் சின்ன ஊர்களிலிருந்தும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள்.

அரை மில்லிமீட்டர் அளவுக்கு மெல்லிய துண்டுகளாக எடுத்த படங்களை மேலிருந்து கீழாக உருட்டிக்கொண்டே வருவேன். முதலில் தென்படுவது மேல் அரைவட்டக் குழல். வெள்ளை எலும்புக்குள் அதன் இரண்டு கால்களும் இரண்டு கறுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அவற்றுக்கு நடுவே, வளைவுக்கு அடியில் நுழைந்து, லேசாக வளைந்த ஒரு கறுப்புக் கோடு பின்பக்கம் ஓடும். அதன் பெயர் பெட்ரோமாஸ்டாய்டு கால்வாய். ஒரு குட்டி ரத்தக்குழாய் போகும் வழி. கைக்குழந்தைகளுக்கு அகலமாக இருக்கும், வயது ஏற ஏறச் சுருங்கிவிடும். சிலருக்கு ஏழெட்டு வயதிலும் பளிச்சென்று தெரியும். தலையில் அடிபட்டு வந்த பிள்ளையின் ஸ்கேனில் இதை விரிசல் என்று நினைப்பது ரொம்ப எளிது. பார்க்க வேண்டியது ஓரங்களை. கால்வாயின் ஓரம் வழுவழுப்பாக, வெள்ளையாக இருக்கும். மறுகாதிலும் அதே இடத்தில் அதே கோடு இருக்கும்.

இரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன். ஊஞ்சலிலிருந்து விழுந்திருக்கிறான். மயக்கமில்லை, ரத்தமில்லை. மறுநாள் காலையில் இடது காது சுத்தமாகக் கேட்கவில்லை. ஊஞ்சலை ஆட்டிவிட்டவர் தாத்தா. முதலில் ஸ்கேன் எடுத்த இடத்தில் 'எலும்பு முறிவாக இருக்கலாம்' என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கப்புறம் வீட்டில் யாரும் தாத்தாவோடு சரியாக முகம் கொடுத்துப் பேசவில்லை. டிஸ்க்கை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தபோதும் அவர் அறைக்குள் வராமல் வராந்தாவிலேயே நின்றார்.

முறிவு என்று குறிக்கப்பட்டிருந்தது அந்தக் கால்வாய்தான். வலது காதிலும் அச்சு அசலாக இருந்தது. சில துண்டுகள் கீழே இறங்கினால் உண்மையான காரணம் இருந்தது. எலும்பின் பின்பக்கச் சுவரில் திறக்கும் வெஸ்டிபுலார் அக்விடக்ட் என்ற குழல். சாதாரணமாக அது பக்கத்திலிருக்கும் பின் அரைவட்டக் குழலைவிடத் தடிமனாக இருக்காது. நடுப்பகுதியில் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. இந்தப் பையனுக்கு இடப்பக்கம் 2.4 மில்லிமீட்டர், வலப்பக்கம் 2.1. வால்வசோரி, கிளெமிஸ் என்ற இரண்டு மருத்துவர்கள் 1978-இல் இதைத் தனி நோயாக விவரித்தபோது 1.5 மில்லிமீட்டருக்கு மேல் போனால் விரிவு என்றார்கள். பிறகு வந்த சின்சினாட்டி அளவுகோல் இன்னும் கறாரானது: குழலின் நடுவில் 1 மில்லிமீட்டர், அது திறக்கும் வாய்ப்பகுதியில் 2. எந்த அளவுகோலை வைத்தாலும் இவனுக்கு விரிவுதான்.

இப்படிப் பிறந்த குழந்தைகளுக்கு ஆரம்பத்தில் காது நன்றாகவே கேட்கலாம். பிறந்தவுடன் செய்யும் பரிசோதனையில் தேறிவிடுவார்கள், பேச்சும் வந்துவிடும். அப்புறம் தலையில் சின்னதாக ஒரு அடி, சில சமயம் வெறும் காய்ச்சல், அவ்வளவுதான், கேட்கும் திறன் படிப்படியாகவோ ஒரேயடியாகவோ இறங்கும். பையனின் வலது காதிலும் குறை தொடங்கியிருந்தது. டிவி சத்தத்தைக் கூட்டி வைக்கிறான் என்று வீட்டில் திட்டியிருக்கிறார்கள்.

தாத்தாவை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, திரையில் அந்தக் குழலைக் காட்டினேன். "இது பிறக்கும்போதே இப்படித்தான் இருந்துச்சு, ஐயா. அன்னைக்கு ஊஞ்சல் இல்லாட்டி இன்னொரு நாள் வேற ஏதாவது ஆகியிருக்கும்" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பேரனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்பா அம்மா இருவரும் அத்தை மகன், மாமன் மகள். எஸ்எல்சி26ஏ4 என்ற மரபணுவில் இருவரிடமிருந்தும் ஒவ்வொரு குறை வந்து சேர்ந்தால் இந்த விரிவு வரலாம். கூடவே தைராய்டு வீக்கமும் வரலாம் என்பதால் அதையும் பரிசோதிக்கச் சொன்னேன். இதைச் சொல்லும்போது ரொம்பக் கவனமாகச் சொல்ல வேண்டும். தாத்தா தலையிலிருந்து இறக்கிய பழியை அம்மா தலையில் ஏற்றிவிடக் கூடாது. கிணற்றில் குதிக்கக் கூடாது, கால்பந்தைத் தலையால் முட்டக் கூடாது, வண்டியில் பின்னால் உட்கார்ந்தாலும் ஹெல்மெட் வேண்டும், வலது காதை அடிக்கடி சோதிக்க வேண்டும். பையனுக்குக் கிணறு போனதுதான் பெரிய வருத்தம்.

இதே விரிவை 1791-லேயே ஒருவர் பார்த்திருக்கிறார். இத்தாலியின் பொலோனியாவில் கார்லோ மாண்டினி, பிறவியிலேயே காது கேளாத எட்டு வயதுச் சிறுவனின் உடலை அறுத்துப் பார்த்தார். வண்டி ஏறிக் கால் அழுகி இறந்துபோன பிள்ளை. காக்ளியாவில் இரண்டரைச் சுற்றுக்குப் பதில் ஒன்றரைதான் இருந்தது, அக்விடக்டும் விரிந்திருந்தது. எக்ஸ்ரே வருவதற்கு நூறு வருடத்துக்கு முன்பு! பாவம், இன்று உட்செவியில் எந்தக் குறை இருந்தாலும் ரிப்போர்ட்டில் 'மாண்டினி' என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடில்லை. துருக்கி மருத்துவர் செனரோலு 2002-இல் சாட்ஜியுடன் சேர்ந்து உட்செவிக் குறைகளுக்குக் கொடுத்த வகைப்பாடு அறுவை மருத்துவருக்கு எவ்வளவோ உதவுகிறது. சில வகைகளில் காக்ளியாவைத் திறந்ததும் மூளைத் தண்டுவட நீர் பீய்ச்சியடிக்கும். அதை அவர் முன்கூட்டியே தெரிந்துகொண்டு உள்ளே போக வேண்டும்.

ஸ்கேன் நார்மல் என்றால் சந்தோஷப்படும் பெற்றோர் அடுத்த நிமிடமே குழம்புவார்கள்: அப்போ ஏன் கேட்கலை? பிறவிக் காது கேளாமையில் ஐந்தில் ஒரு பங்குக் குழந்தைகளுக்குத்தான் எலும்பு அமைப்பில் குறை தெரியும். மற்றவர்களுக்குக் கோளாறு செல்களின் அளவில். எந்த ஸ்கேனுக்கும் அது எட்டாது.

இம்ப்ளாண்ட்டுக்கு முன் சிடி மட்டும் போதாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். எம்ஆர்ஐயில் உட்செவிக் கால்வாயைக் குறுக்காக வெட்டிப் பார்த்தால் நான்கு நரம்புகள் நான்கு புள்ளிகளாகத் தெரியும். முன்னால் மேலே முக நரம்பு, அதற்குக் கீழே கேட்கும் நரம்பு, பின்னால் சமநிலைக்கான இரண்டு. அந்த முன்-கீழ்ப் புள்ளி இல்லாமல் போகலாம், காக்ளியா அழகாக இருந்தும்கூட. நரம்பு இல்லாத காதில் இம்ப்ளாண்ட் வைத்தால் பெரிதாகப் பலன் இருக்காது. அதனால் ரிப்போர்ட்டோடு படங்கள் இருக்கும் டிஸ்க்கையும் கேட்டு வாங்குங்கள். அக்விடக்டின் அகலம் மில்லிமீட்டரில் இருக்கிறதா, இரண்டு பக்கமும் கேட்கும் நரம்பு தெரிகிறதா என்று ரிப்போர்ட் எழுதிய மருத்துவரிடமே கேளுங்கள். எந்தக் காதில் வைப்பது என்ற முடிவு பெரும்பாலும் அந்தப் பதிலிலிருந்துதான் வருகிறது.