மேலம்பை அழுத்தினால் பழைய கட்டளை வராதபோது

மண்டபம், பாம்பன், தொண்டிப் பக்கம் ஐஸ் கம்பெனிகளிலும் நண்டு, இறால் எடுக்கும் கம்பெனிகளிலும் கணக்குக்கோ குளிரறை வெப்பநிலைப் பதிவுக்கோ ஒரு லினக்ஸ் கணினி ஓடிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துக்கொள்ளும் எங்களுக்கு அடிக்கடி வரும் அழைப்பு, "பழைய கட்டளை வரமாட்டேங்குது" என்பதுதான். கேட்க அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பேக்கப் எடுக்கும் ஒன்றரை வரிக் கட்டளையை அங்கே யாரும் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை, ஹிஸ்டரியில் (முன்பு தட்டிய கட்டளைகளின் பட்டியல்) மேலம்புக் கீயாலோ கண்ட்ரோல்-ஆராலோ தேடித்தான் ஓட்டுகிறார்கள். அது வராவிட்டால் அன்றைக்கு பேக்கப்பும் இல்லை.

அழைப்பு வந்ததும் பாஷ்ஆர்சி கோப்பை (பாஷ் என்ற ஷெல்லின் அமைப்புக் கோப்பு) திறந்து திருத்த ஆரம்பிப்பதுதான் பலரும் செய்வது. அதற்கு முன் கேட்கவேண்டியது ஒன்றுதான்: அழுத்திய கீ எந்த இடத்தில் தொலைகிறது? கீபோர்டு, மொழி அமைப்பு, டெர்மினல் (கட்டளை தட்டும் திரை), டிடிஒய் (டெர்மினலைக் கையாளும் லினக்ஸின் உள் அடுக்கு), ரீட்லைன் (தட்டும் வரியைக் கையாளும் பாஷின் பகுதி), ஷெல் (கட்டளையை வாங்கி ஓட்டும் நிரல்) என்று வரிசையாகக் கடந்துதான் ஒரு கண்ட்ரோல்-ஆர் வேலை செய்கிறது. பாதியில் பிரித்துப் பார்க்க 'ஷோகீ' கட்டளையை 'ஹைஃபன் ஏ' சேர்த்து ஓட்டுங்கள். கண்ட்ரோல்-ஆர் அழுத்தினால் 18 என்ற எண் வரவேண்டும். கண்ட்ரோல்-டி அழுத்தினால் வெளியே வந்துவிடலாம். 18 வந்தால் டெர்மினல் வரை எல்லாம் சரி, பழுது உள்ளே. வராவிட்டால் எந்தக் கோப்பைத் திருத்தியும் பயனில்லை.

18 வராததற்கு எங்கள் கரையில் முதல் சந்தேகம் உப்பு. கச்சான் அடிக்கும் மாதங்களில் ஜன்னலோரக் கீபோர்டில் மணலும் உப்பும் படியும். உப்பு ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், உள்ளே மெம்பரேன் தகட்டின் தடங்களை அரிக்கும். இடது கண்ட்ரோல் வேலை செய்யாமல் வலது கண்ட்ரோல் வேலை செய்தால் சந்தேகமே வேண்டாம், வேறு யூஎஸ்பி கீபோர்டைச் செருகிப் பாருங்கள். அடுத்த சந்தேகம் தமிழ்99 என்ற தமிழ்த் தட்டச்சு அமைப்பு. கணக்கர் பெயர்ப்பட்டியல் தட்டிவிட்டு அப்படியே டெர்மினலுக்கு வந்திருப்பார். தமிழ் அமைப்பு ஓடும்போது சில டெர்மினல்களில் கண்ட்ரோல் சேர்க்கைகள் போய்ச்சேராது. பிரவுசருக்குள் திறக்கும் டெர்மினல் என்றால் கண்ட்ரோல்-ஆரைப் பிரவுசரே எடுத்துக்கொண்டு பக்கத்தைப் புதுப்பித்துவிடும்.

இன்னொரு தவறு, எஸ்எஸ்எச் வழியாகத் தொலைவிலிருந்து நுழைபவர்கள் சர்வரில் கீபோர்டு லேஅவுட்டை மாற்றிப் பார்ப்பது. எழுத்தைத் தீர்மானிப்பது உங்கள் கையில் இருக்கும் லேப்டாப்தான். ஷிஃப்ட்-2 அழுத்தி 'அட்' குறிக்குப் பதில் இரட்டை மேற்கோள் வந்தால், அந்த லேப்டாப்பில் பிரிட்டிஷ் லேஅவுட் இருக்கிறது. சர்வரின் அமைப்பு, சர்வரிலேயே செருகிய கீபோர்டுக்கு மட்டும்.

மேலம்பை அழுத்தினால் கூரைக்குறி, இரண்டு சதுர அடைப்பு, ஏ என்று திரையில் விழுகிறதா? அப்படியானால் பெரும்பாலும் நீங்கள் பாஷில் இல்லை. டெபியன், உபுண்டுவில் 'யூசர்ஆட்' கட்டளையில் ஷெல் பெயர் சொல்லாமல் புதுப் பயனரை உண்டாக்கினால் பெரும்பாலும் டேஷ் என்ற சின்ன ஷெல்தான் கிடைக்கும். அதில் ஹிஸ்டரித் தேடல் கிடையாது. 'எக்கோ டாலர் பூஜ்யம்' போட்டால் தெரிந்துவிடும். 'சிஎச்எஸ்எச்' மூலம் பாஷுக்கு மாற்றி, வெளியேறி மறுபடி நுழையவேண்டும். ஜீஷெல் என்ற வேறொரு ஷெல் வைத்திருப்பவர்களுக்கு வேறு சிக்கல்: எடிட்டர் என்ற சூழல் மாறியில் விஐ (ஒரு எடிட்டரின் பெயர்) என்று இருந்தால் அது தானாக விஐ கீ அமைப்புக்குப் போய்விடும், கண்ட்ரோல்-ஆர் தேடாது. 'பைண்ட்கீ ஹைஃபன் ஈ' என்று ஒரு வரி சேர்த்தால் திரும்பிவிடும். இன்புட்ஆர்சி கோப்பை (ரீட்லைனின் கீ அமைப்புக் கோப்பு) ஜீஷெல் படிப்பதே இல்லை என்பதையும் நினைவில் வையுங்கள்.

கண்ட்ரோல்-ஆரில் வேகமாகத் தேடும்போது ஒன்றைத் தாண்டிவிட்டால் முன்னோக்கித் திரும்ப கண்ட்ரோல்-எஸ். ஆனால் அதை அழுத்தியதும் திரை உறைந்துவிடும், சர்வர் நின்றுவிட்டது என்று பவர் பட்டனை அழுத்தியவர்களும் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். டெலிடைப் காலத்து 'நிறுத்து' சைகை அது, கண்ட்ரோல்-க்யூ அழுத்தினால் உயிர் வரும். நிரந்தரமாக விடுபட 'எஸ்டிடிஒய் ஹைஃபன் ஐஎக்ஸ்ஆன்' என்பதை பாஷ்ஆர்சியில் சேர்க்கவேண்டும். அந்தக் கோப்பின் தலைப்பில் இருக்கும் 'ஊடாடும் ஷெல்தானா' (ஆள் நேரே தட்டும் ஷெல்லா) என்ற சோதனைக்குக் கீழே சேர்ப்பது முக்கியம். மேலே போட்டால் எஸ்சிபி மூலம் கோப்பு அனுப்பும்போதெல்லாம் பிழைச்செய்தி வரும்.

இன்புட்ஆர்சிதான் அதிகம் கெடும் இடம். 'டார்' என்று ஆங்கிலத்தில் மூன்றெழுத்து தட்டி மேலம்பை அழுத்தினால் அப்படித் தொடங்கும் கட்டளைகள் மட்டும் வரவேண்டும் என்பதற்காக 'ஹிஸ்டரி-செர்ச்-பேக்வர்ட்' வரியைச் சேர்ப்பார்கள். நல்ல அமைப்பு, எல்லாரும் வைத்துக்கொள்ளலாம். ஆனால் வீட்டு அடைவில் இந்தக் கோப்பு உருவான உடனே பாஷ், ஈடிசி அடைவில் இருக்கும் பொதுக் கோப்பைப் படிப்பதை விட்டுவிடும். அங்கிருந்து வந்த கீ அமைப்புகள் சில அத்தோடு போகும். முதல் வரியில் 'டாலர் இன்க்ளூட்' போட்டு அந்தப் பொதுக் கோப்பைச் சேர்த்துவிடுங்கள். அடுத்தது மேற்கோள் குறி. வாட்ஸ்அப்பில் வந்த வரியை ஒட்டினால் வளைந்த மேற்கோள் வந்திருக்கும், ரீட்லைனுக்கு அது புரியாது. நேர் மேற்கோளை நீங்களே தட்டுங்கள். மேலம்பு அனுப்பும் குறியும் எல்லா டெர்மினலிலும் ஒன்றல்ல. கண்ட்ரோல்-வி அழுத்திவிட்டு மேலம்பை அழுத்தினால் உண்மையான குறி தெரியும். நடுவில் சதுர அடைப்பு வந்தால் ஒரு வரி, ஓ எழுத்து வந்தால் வேறு வரி. இரண்டையுமே எழுதி வைத்துவிடுவது எங்கள் வழக்கம். திருத்தியபின் வெளியேற வேண்டாம், கண்ட்ரோல்-எக்ஸ், கண்ட்ரோல்-ஆர் அடுத்தடுத்து அழுத்தினால் கோப்பு மறுபடி படிக்கப்படும்.

கீ எல்லாம் சரி, தேடலும் ஓடுகிறது, நேற்று போட்ட கட்டளையை மட்டும் காணோம் என்றால் அது சேமிப்புப் பிரச்சினை. பாஷ் ஹிஸ்டரியைக் கோப்பில் எழுதுவது ஷெல் மூடும்போதுதான். புயல், காற்று என்று கரன்ட் போகும் ஊரில், யூபிஎஸ் பேட்டரியும் இறங்கிப்போனால் அன்றைய ஹிஸ்டரி முழுக்கப் போய்விடும். 'ப்ராம்ப்ட் கமாண்ட்' மாறியில் 'ஹிஸ்டரி ஹைஃபன் ஏ' என்று வைத்தால் ஒவ்வொரு கட்டளை முடிந்ததும் எழுதிவிடும். டிஸ்க்கில் இறங்கக் கொஞ்சம் நேரம் எடுக்குமாதலால் கடைசி ஓரிரு வரி போனாலும் போகலாம். கூடவே 'ஹிஸ்ட்அப்பெண்ட்' (பழையதன் பின்னால் சேர்த்து எழுதும் அமைப்பு) இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் இரண்டு டெர்மினல் திறந்திருக்கையில் கடைசியாக மூடுவது முன்னதை அழித்துவிடும். பாஷ் தானாக வைத்திருப்பது 500 கட்டளைகள்தான், உபுண்டுவின் பாஷ்ஆர்சி அதை 1000 ஆக்குகிறது. 20000 என்று வைத்தாலும் கணினிக்குப் பாரமில்லை.

எல்லா டெர்மினலும் ஒரே ஹிஸ்டரியை உடனுக்குடன் பகிரும்படி ஹிஸ்டரி கட்டளையின் 'ஹைஃபன் சி', 'ஹைஃபன் ஆர்' இரண்டையும் சேர்த்து வைப்பவர்கள் உண்டு. பலர் ஒரே லாகினில் வேலைபார்க்கும் அலுவலகத்துக்கு அது வேண்டவே வேண்டாம். பக்கத்து மேசைக்காரர் போட்ட அழிப்புக் கட்டளை உங்கள் மேலம்பில் வந்து நிற்கும், பழக்கத்தில் எண்டரும் தட்டிவிடுவீர்கள்.

இத்தனைக்கும் பிறகும் எதுவும் சேரவில்லையென்றால் ஹிஸ்டரிக் கோப்பின் உரிமையாளரைப் பாருங்கள். எப்போதோ சூடோவோடு (ரூட் என்ற நிர்வாகி உரிமையில்) வேலை செய்ததில் ரூட் பெயருக்கு மாறியிருக்கலாம். 'சிஎச்ஓன்' போட்டு உரியவர் பெயருக்கு மாற்றினால் போதும்.