ஹில் அசிஸ்ட் எச்சரிக்கை: மாட்யூலில் கை வைக்கும் முன்

மேட்டில் பிரேக்கிலிருந்து காலை எடுத்ததும் வண்டி பின்னால் உருள்கிறது. டாஷ்போர்டில் ஹில் அசிஸ்ட் (மேட்டில் வண்டி உருளாமல் பிடிக்கும் வசதி) எச்சரிக்கை, கூடவே ஏ.பி.எஸ். (பிரேக் போடும்போது சக்கரம் பூட்டாமல் காப்பது), இ.எஸ்.சி. (வண்டி சறுக்காமல் காப்பது) விளக்குகள். இப்படி வரும் பெரும்பாலான கார்களில் ஹில் அசிஸ்ட்டுக்கென்று தனி உறுப்பே கிடையாது. இ.எஸ்.சி. மாட்யூல், அதாவது பிரேக்கைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டிதான், பிரேக் அழுத்தத்தைத் தன் வால்வுகளில் சுமார் 2 விநாடி பிடித்து வைக்கிறது. அதற்குத் தகவல் தரும் சென்சர்களில் ஒன்று பிசகினாலும் இந்த வசதி நின்றுவிடும்.

விளக்கு எதுவும் எரியாமல் வண்டி உருண்டால் அது கோளாறாகவே இல்லாமல் இருக்கலாம். மேடு போதிய சாய்வில் இல்லை, கியர் நியூட்ரலில் இருக்கிறது, சில மாடல்களில் ஓட்டுநர் கதவு சரியாக மூடவில்லை: இவற்றில் ஒன்று போதும்.

விளக்கு எரிந்தால் வண்டியில் பதிவான கோடுகளை (கோளாறுக் குறியீடுகளை) படிக்கும் ஸ்கேனர்தான் முதல் படி. மலிவான ரீடர்கள் பல எஞ்சின் கோடுகளை மட்டும் படித்துவிட்டு எல்லாம் நலம் என்று சொல்லும், ஏ.பி.எஸ்./இ.எஸ்.சி. மாட்யூலுக்குள் நுழையும் கருவி வேண்டும். கோடுகளை அழிக்கும் முன் குறித்து வையுங்கள். பேட்டரியையும் அப்போதே பாருங்கள். ஓய்வில் 12.4 முதல் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்யும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் கோடுகள் கூட்டமாக வரும். அந்த நிலையில் சென்சர் வாங்குவது வீண் செலவு.

பி0504, பி0571 போன்ற கோடுகள் பிரேக் பெடல் சுவிட்சைக் காட்டும். அதில் பொதுவாக இரண்டு தொடர்புகள்: பெடலை மிதித்தால் ஒன்று மூடும், மற்றது திறக்கும். பிரேக் லைட் எரிகிறதே என்று விட்டுவிடுபவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் லைட்டுக்கு ஒரு தொடர்பு போதும். ஸ்கேனரின் லைவ் டேட்டாவில் இரண்டும் ஒரே நொடியில் மாறுகின்றனவா என்று பாருங்கள். பல சுவிட்சுகள் பொருத்தும்போது ஒரே ஒரு முறைதான் தானாக இடைவெளியை அமைத்துக்கொள்ளும். கழற்றியதையே திரும்ப மாட்டினால் அளவு தவறும்.

சி0035 என்றால் இடது முன் சக்கர வேக சென்சர் பக்கம். 15 கி.மீ. வேகத்தில் நேராக ஓட்டி நான்கு சக்கர எண்களையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் துள்ளினாலோ பூஜ்யத்துக்கு விழுந்தாலோ ஸ்டீயரிங் திருப்பும்போது வளையும் இடத்தில் வயரை இழுத்துப் பாருங்கள். உறை முழுசாக இருக்கும், உள்ளே கம்பி அறுந்திருக்கும். பழைய பாசிவ் (தனி மின்சாரம் தேவைப்படாத) சென்சரில் 1,000 முதல் 2,000 ஓம் வரை காட்டினால் பொதுவாகச் சரி. ஆக்டிவ் (மின்சாரம் கொடுத்தால்தான் இயங்கும்) சென்சரை ஓம் அளந்து தீர்மானிக்க முடியாது. அண்மையில் வீல் பேரிங் மாற்றிய வண்டியா? காந்த வளையம் உள்ள பேரிங்கைத் திருப்பி அடித்திருந்தால் வேக சிக்னலே வராது. கழற்றித்தான் ஆக வேண்டும், வேறு வழியில்லை.

வண்டி சாய்ந்திருக்கிறதா என்று சொல்வது நீளவாட்டு முடுக்க சென்சர். சமதரையில் அது பூஜ்யத்தை ஒட்டியும், 10 சதவீத மேட்டில் கிட்டத்தட்ட 1 மீ/வி² என்றும் காட்ட வேண்டும். சமதரையிலேயே 0.5 காட்டினால் ஜீரோ பாயின்ட் காலிபிரேஷன் (சமதரையைப் பூஜ்யமாகப் பதிய வைப்பது) செய்யுங்கள்: தரை மட்டமாக, சக்கரங்கள் நேராக, டயர் காற்று சரியாக, வண்டியில் சுமை இல்லாமல்.

மேனுவல் வண்டியில் கோடு இல்லாமலே பிடிப்பு சட்டென்று விடுபட்டால் கிளட்ச் பெடல் சுவிட்சையும் ரிவர்ஸ் சுவிட்சையும் பாருங்கள். சோதனை ஓட்டத்துக்கு, வண்டியின் பின்னால் ஆளோ வேறு வண்டியோ இல்லாத மேடு வேண்டும். ஹேண்ட்பிரேக்கில் ஒரு கை இருக்கட்டும்.

எல்லா சிக்னலும் சரியாக இருந்தும் அழுத்தம் நிற்கவில்லையென்றால்தான் மாட்யூல். அப்போதும் முதலில் அதன் எர்த் வயரில் சுமையோடு (மின்சாரம் ஓடும்போது) வோல்டேஜ் டிராப், அதாவது வயரில் இழக்கும் வோல்ட் அளவு, பாருங்கள், 0.2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் துரு பிடித்த போல்ட்டைச் சுரண்டி இறுக்குங்கள். புது மாட்யூலுக்கு கோடிங், காலிபிரேஷன், ஸ்கேனர் வழியாக வால்வுகளை இயக்கிச் செய்யும் பிரேக் பிளீடிங் (பிரேக் எண்ணெயில் உள்ள காற்றை வெளியேற்றுவது) மூன்றும் தேவைப்படும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.